வெல்டிங் ஓரத்து விரிசல்: எப்படித் தேடுவது, எப்படிச் சரிசெய்வது

1980 மார்ச் 27 அன்று, வட கடலில் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் தங்கிய, நார்வேயின் அலெக்சாண்டர் கீலண்ட் மிதவை மேடை கவிழ்ந்தது. அதிலிருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். மேடையின் காலைத் தாங்கிய ஒரு குழாயில், நீரடி ஒலிவாங்கி ஒன்றைப் பொருத்துவதற்காக 6 மி.மீ. ஃபில்லட் வெல்டிங் (இரு பரப்புகள் சேரும் மூலையில் போடும் முக்கோண வெல்டிங்) போட்டிருந்தார்கள். விரிசல் தொடங்கியது அங்கேதான். உடைந்த பரப்பில் பெயின்ட்டும் ஒட்டியிருந்தது. பெயின்ட் அடிக்கும் முன்பே அங்கே விரிசல் இருந்திருக்கிறது. சின்ன பிராக்கெட் வெல்டிங்தானே என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த மேடைதான் நினைவுக்கு வரும்.

ஒருமுறை ஏற்றினால் இணைப்பு எளிதாகத் தாங்கும் பாரமே, லட்சக்கணக்கான முறை ஏறி இறங்கினால் அதைப் பிளந்துவிடும். இதுதான் உலோகச் சோர்வு. வெல்டிங் தகட்டைத் தொடும் ஓரத்துக்கு 'டோ' என்று பெயர். அண்டர்கட் (வெல்டிங் ஓரத்தில் தகடு உருகிக் குழிந்த) பள்ளம், நுண்ணிய ஸ்லாக் (கசடு) துணுக்கு, ஆறும்போது சுருங்கியதால் உள்ளேயே தங்கிவிட்ட இழுவிசை எல்லாம் கூடுவது அந்த ஓரத்தில்தான். உயர் வலிமை எஃகுக்கு மாறினாலும், பற்றவைத்தபடியே விட்ட இணைப்பின் சோர்வு வலிமை கூடுவதில்லை. ஏறி இறங்கும் தகைவை (பரப்பளவுக்கு விழும் விசையை) பாதியாக்கினால் ஆயுள் ஏறக்குறைய 8 மடங்காகும்.

முதலில் பெயின்ட், துரு, எண்ணெய் எல்லாவற்றையும் ஓரம் தெரியும்வரை நீக்குங்கள். பிராக்கெட் முனைகளையும் வெல்டிங் தொடங்கி முடியும் இடங்களையும் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து டிபி டெஸ்ட், அதாவது விரிசலுக்குள் சாயத்தை ஊறவிட்டுப் பார்க்கும் சோதனை. சிவப்புச் சாயத்தைத் தெளித்து, டப்பாவில் போட்டிருக்கும் நேரம், பெரும்பாலும் 10 நிமிடமாவது, ஊறவிடுங்கள். துடைக்கும்போது கிளீனரைத் துணியில் மட்டும் தெளியுங்கள். வெல்டிங் மேல் நேராக அடித்தால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிப்போகும். பிறகு டெவலப்பரை, அதாவது விரிசலுக்குள் இருக்கும் சாயத்தை வெளியே உறிஞ்சும் வெள்ளைப் பொடியை, மெல்லிய பூச்சாக அடியுங்கள். வெள்ளைப் பரப்பில் சிவப்புக் கோடு எழுந்தால் அது விரிசல்.

விரிசல் இருந்தால் அதன் மேலேயே இன்னொரு ரன் (வெல்டிங் வரி) ஓட்டாதீர்கள். அடியில் அது அப்படியே உயிரோடு இருக்கும். இரு முனைகளிலும் துளையிட்டு அது ஓடுவதைத் தடுத்து, முழு ஆழத்துக்கும் தோண்டி எடுங்கள். மறுபடி சாயம் போட்டுப் பார்த்து, கோடே இல்லாதபோது மட்டும், நன்கு உலர்த்திய 7018 ராடால் (ஹைட்ரஜன் குறைந்த வெல்டிங் கம்பியால்) நிரப்புங்கள்.

விரிசல் இல்லாத ஓரத்தையும் நிரப்பிய ஓரத்தையும் உருண்டை முனை பர் (சுழலும் அரைக்கும் முனை) கொண்டு வழுவழுப்பாகத் தேயுங்கள். அண்டர்கட்டின் அடியிலிருந்து இன்னும் 0.5 மி.மீ. ஆழம் போனால்தான் ஸ்லாக் துணுக்கு வெளியேறும். மினுமினுப்பைப் பார்த்து ஏமாந்து நிறுத்திவிடாதீர்கள். வெல்டிங் நீளத்துக்கு இணையாகக் கீறல் தங்கினால் புது விரிசல் அதிலேயே தொடங்கும். வெல்டிங் வேர்வரை (இணைப்பின் அடிவரை) ஊடுருவாத இணைப்பு உள்ளிருந்தே பிளக்கவும் கூடும். அப்படிப் பிளக்கும் இணைப்பில் ஓரத்தைத் தேய்ப்பதால் பயனில்லை.

தேய்த்த இடத்தில் இன்னொரு டிபி டெஸ்ட். பெயின்ட் அதற்குப் பிறகுதான்.