குளிர் மேல் பழி போடாதீர்கள்: மூளைக்கு ரத்தம் தடைபடும்போது மலையில் நாம் செய்யும் தவறுகள்

நீலகிரியில் உடம்புக்கு என்ன வந்தாலும் முதல் குற்றவாளி குளிர்தான். வாய் ஒரு பக்கம் கோணினால் "பனிக்காத்து அடிச்சிருச்சு". கை மரத்துப் போனால் "விறைச்சிருக்கும், தேய்ச்சு விடு". தலை சுற்றி வாந்தி வந்தால் மலைப்பாதை வளைவு, இல்லையென்றால் பித்தம். பெரும்பாலும் இந்தக் கணிப்பு சரியாகவே இருந்துவிடுகிறது. சிக்கலே அதில்தான். அதே அறிகுறி மூளையிலிருந்து வரும் நாளிலும் வீட்டில் யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை.

மூளையின் எடை உடல் எடையில் சுமார் 2 சதவீதம். ஆனால் நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. நிமிடத்துக்குச் சுமார் 750 மில்லி ரத்தம் வேண்டும். இவ்வளவு தின்றாலும் சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது; அன்றன்றைக்கு அரிசி வாங்கி அன்றன்றைக்கு உலை வைக்கிற வீடு மாதிரி. ரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பத்து நொடிக்குள் நினைவு தப்பும். நான்கைந்து நிமிடத்தில் மீளாத சேதம் தொடங்கிவிடும்.

மூளைக்குப் போகும் குழாய் ஒன்று அடைபட்டு வரும் பக்கவாதத்தில் (ஸ்ட்ரோக்) நடப்பது கொஞ்சம் வேறு. கழுத்தின் முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு என நான்கு குழாய்கள் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகின்றன. மூளைக்கு அடியில் அவை ஒரு வளையமாக இணைகின்றன. 1664-ல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதை விவரித்ததால் வில்லிஸ் வளையம் என்று பெயர். ஒரு குழாய் மெதுவாகச் சுருங்கினால் மற்றவை ஓரளவு ஈடுகட்டும். வளையத்தைத் தாண்டிய கிளை ஒன்று திடீரென்று அடைபட்டால், நடுப்பகுதி சில நிமிடங்களில் செத்துப்போகும். அதைச் சுற்றியுள்ள பகுதியோ அக்கம்பக்கத்துச் சிறு குழாய்களிலிருந்து கசிந்து வரும் ரத்தத்தை வைத்துக்கொண்டு வேலை செய்யாமல், ஆனால் சாகாமல், சில மணி நேரம் கிடக்கும். சிகிச்சை எல்லாமே அந்தப் பகுதிக்காகத்தான். பெரிய குழாய் அடைபட்டால் நிமிடத்துக்கு 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006-ல் வந்த ஒரு கணக்கு சொல்கிறது.

குளிரா, மூளையா?

குளிரில் விறைத்தால் இரண்டு கையும் விறைக்கும். கணப்புப் பக்கம் வைத்தால் சரியாகும். மூளை சம்பந்தப்பட்டது பெரும்பாலும் ஒரு பக்கமாகத்தான் வரும், அதுவும் திடீரென்று. இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள். ஒன்று தானாகக் கீழே இறங்கினால் சந்தேகமே வேண்டாம்.

முகக் கோணலில் இன்னும் கவனம் தேவை. முக நரம்பு வீங்கி வரும் முகவாதம் என்று ஒன்று உண்டு. அதில் பாதி முகம் முழுதும் செயலிழக்கும், நெற்றியைச் சுருக்க முடியாது, கண்ணை மூட முடியாது. பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடும், வாய்ப்பக்கம்தான் தொங்கும். இந்த வித்தியாசத்தை இங்கே சொல்வது, நீங்களே பார்த்து முடிவு கட்டுவதற்காக அல்ல. முகம் கோணியதும் நேராக மருத்துவமனை. அது எந்த வகை என்பதை அவர்கள் சொல்லட்டும்.

தலைசுற்றல் இன்னும் தந்திரமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் வளைவுகளில் வயிறு புரட்டாதவர்கள் குறைவு. ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓய்வெடுத்த பிறகும் சுற்றல் தொடர்ந்து, கூடவே பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, பேச்சு குழறினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்தாலோ, பின்பக்கக் குழாய் அடைபட்டிருக்கலாம். இதில் கை கால் பலமாகவே இருக்கலாம், அதனால்தான் தவறவிடுகிறார்கள். "ஹைட்டு ஒத்துக்கல" என்று சுற்றுலா வந்தவர்கள் சொல்வதையும் நம்ப வேண்டாம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். மலை நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர் என்றாலும் அங்கே யாரும் இரவு தங்குவதில்லை.

"சரியாயிடுச்சு, விடுங்க"

என்னைக் கேட்டால் எல்லாத் தவறுகளிலும் மோசமானது இதுதான். வாய் குழறியது, பத்து நிமிடத்தில் தெளிந்துவிட்டது. கையிலிருந்த டம்ளர் நழுவியது, அப்புறம் கை பழையபடி ஆகிவிட்டது. வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி, மறுநாள் காலை தேயிலை பறிக்கக்கூடப் போய்விடுவார்கள். ரத்தக்கட்டி ஒன்று வந்து அடைத்துத் தானே கரைந்திருக்கிறது, அவ்வளவுதான். அது வந்த இடம் அப்படியே இருக்கிறது: கழுத்துக் குழாயின் கொழுப்புப் படிவாக இருக்கலாம், தாறுமாறாகத் துடிக்கும் இதயமாக இருக்கலாம். அடுத்த பெரிய அடைப்புக்கான ஆபத்து முதல் இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். குணமாகி நடந்து போகிறவரை அன்றைக்கே அவசரப் பிரிவில் காட்டச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். சிரித்தாலும் பரவாயில்லை, கூட்டிப் போங்கள்.

வீட்டில் செய்யும் முதலுதவிகள்

பதற்றத்தில் முதலில் நீளுவது தண்ணீர் டம்ளர். பக்கவாதத்தில் விழுங்கும் தசைகளும் தடுமாறியிருக்கும். கொடுத்த சுடுதண்ணியும் கஷாயமும் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவைக் கொண்டுவரும். வாயில் ஒன்றும் கொடுக்கக் கூடாது. குளுக்கோமீட்டர் இருந்தால் சர்க்கரை அளவை மட்டும் பாருங்கள். சர்க்கரை மிகவும் தாழ்ந்தாலும் பக்கவாதம் போலவே தெரியும்.

அடுத்தது ஆஸ்பிரின். மாரடைப்புக்குச் சொல்லப்படும் யோசனையை இங்கே கொண்டுவந்து ஒட்டிவிடுகிறார்கள். பக்கவாதம் இரண்டு வகை: குழாய் அடைபடுவது, குழாய் வெடித்து ரத்தம் கசிவது. வெளியிலிருந்து பார்த்து எந்த அனுபவசாலியாலும் உறுதியாகச் சொல்ல முடியாது, சி.டி. ஸ்கேன்தான் சொல்லும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் எரிகிற தீயில் எண்ணெய்.

பி.பி. மாத்திரை விஷயம் இன்னும் விளங்காமல் இருக்கிறது. பி.பி. 190 என்று காட்டியதும் இன்னொரு மாத்திரையைக் கொடுத்துவிடுகிறார்கள், சிலர் நாக்குக்கு அடியில் வைக்கிறார்கள். சாதாரண நாளில் மூளை தன் குழாய்களைச் சுருக்கியும் விரித்தும் ரத்த ஓட்டத்தைச் சீராக வைத்துக்கொள்ளும். அடைபட்ட பகுதியில் அந்தத் திறமை போய்விடும்; அங்கே ரத்தம் போவதே அழுத்தத்தை நம்பித்தான். உயர்ந்த பி.பி. அந்த அரை உயிர்ப் பகுதியைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது அதைச் சடாரென்று இறக்கினால் அதுவும் சாகும். அடைப்பு வகையில், கட்டியைக் கரைக்கும் ஊசி போடாத நிலையில், 220/120 வரை மருத்துவர்களே பெரும்பாலும் உடனடியாகக் குறைக்க மாட்டார்கள். ஊசி போடுவதென்றால் 185/110-க்குக் கீழே கொண்டுவருவார்கள். கசிவு வகைக்குக் கணக்கே வேறு. இதை வீட்டில் முடிவு செய்ய வழியில்லை.

விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் விடச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி, புறா ரத்தம் தேய்ப்பது, உடனே எண்ணெய் மசாஜுக்குக் கிளம்புவது பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மூளைக்குள் இருக்கும் அடைப்பைத் தோலில் தேய்ப்பது எதுவும் தொடாது.

நாலரை மணி நேரம் உங்களுடையது அல்ல

கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். இதைக் கேட்டுவிட்டு "நாலரை மணி நேரம் இருக்கே" என்பார்கள். அது மருத்துவமனை வாசலை மிதிக்கும் நேரம் அல்ல, ஊசி ஏறும் நேரம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, வீட்டாரிடம் ஒப்புதல் எல்லாம் அதற்குள்தான் அடக்கம். மஞ்சூரிலிருந்தோ கீழ்கோத்தகிரியிலிருந்தோ கிளம்புகிறவருக்குப் பாதை ஒரு பெரும்பங்கைத் தின்றுவிடும். வடகிழக்குப் பருவமழையில் மரம் விழும், மண் சரியும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சி நெரிசல். நேரம் போகப் போக ஊசியின் பலனும் குறைந்துகொண்டே வரும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கிளினிக்குக்குப் போய், டிரிப்ஸ் ஏற்றி, "காலையில பாக்கலாம்" என்று படுக்க வைப்பதுதான் வழக்கமாக நேரம் தொலையும் இடம். ராத்திரியிலும் சி.டி. ஸ்கேன் எடுக்கும், ஊசி போடும் மருத்துவமனை உங்கள் ஊருக்கு எது என்று உடம்பு நன்றாக இருக்கும்போதே விசாரித்து வையுங்கள். 2022-ல் தொடங்கிய ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி வருவதற்கு முன்பு எதற்கெடுத்தாலும் கோவைதான். இன்னும் பலர் அந்தப் பழக்கத்தில் சுமார் மூன்று மணி நேரம் மலையிறங்குகிறார்கள். கூடலூர், பந்தலூர் பக்கம் இருப்பவர்களுக்கு வயநாடு அருகாக இருக்கலாம். 108-ஐ அழைக்கும்போது "பக்கவாதம் மாதிரி இருக்கு" என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். பெரிய கட்டியைக் கம்பி விட்டு எடுக்கும் சிகிச்சைக்கு ஆறு மணி நேரம், தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரை வாய்ப்பு உண்டு. அதற்குப் பெரிய நகரத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் ஸ்கேன் பார்த்த மருத்துவர் சொல்லிப் போவது நல்லது.

கூடப் போகிறவர், நோயாளியைக் கடைசியாக நல்ல நிலையில் பார்த்த நேரம் தெரிந்தவராக இருக்க வேண்டும். போர்வைக்குள்ளிருந்து காலை ஆறு மணிக்கு எழ முடியாமல் கிடந்தால் கணக்கு ஆறு மணியிலிருந்து தொடங்காது, இரவு படுக்கப் போனபோது பேசிய நேரத்திலிருந்து தொடங்கும். அவர் சாப்பிடும் மாத்திரைகளை அட்டையோடு எடுத்துப் போங்கள், முக்கியமாக ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது சாப்பிடுகிறார் என்றால்.

மயக்கமும் கணப்பும்

மயங்கி விழுந்தவரைத் தூக்கி உட்கார வைப்பது நம் ஊர்ப் பாசம். அழுத்தம் இறங்கி மூளைக்கு ரத்தம் ஏறாததால்தான் அவர் விழுந்தார். நிமிர்த்தினால் மறுபடியும் ஏறாது. மல்லாக்கப் படுக்க வைத்துக் காலை உயர்த்தினால் பெரும்பாலும் சில நொடிகளில் விழித்துவிடுவார். விழிக்காமல், மூச்சும் இல்லாமல், அல்லது கொர் கொர் என்று விட்டு விட்டு இழுத்தால், அது மூச்சு அல்ல, இதயம் நின்றிருக்கிறது. யாராவது 108-ஐ அழைக்க, நெஞ்சு நடுவில் இரண்டு கையையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்த வேண்டும். எஸ்டேட் லயத்துக்கு நான்கு நிமிடத்தில் எந்த ஆம்புலன்ஸும் வராது. அதுவரை மூளைக்கு ரத்தம் அனுப்புவது அந்தக் கைகள்தான்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் கரிக் கணப்பைப் படுக்கை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவதும் இந்தக் கணக்கில் சேரும். ரத்தம் ஓடும், ஆனால் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தில் போதிய ஆக்சிஜன் இருக்காது. அறையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல் வந்தால் தைலம் தேட வேண்டாம். எல்லாரையும் வெளியே கொண்டுவாருங்கள்.

குளிர்காலத்தில் ரத்தக்குழாய்கள் சுருங்கி பி.பி. ஏறும் என்பது உண்மைதான். குளிர் மேல் பழி போடுவதென்றால் இந்த ஒரு விஷயத்தில் போடலாம். கோடையில் 130 காட்டியதை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் மார்கழியில் ஒருமுறை அளந்து பார்க்க வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அப்படி வந்தவை டப்பாவில் அப்படியே கிடக்கின்றனவா என்று வீட்டில் யாராவது எண்ணிப் பார்க்கலாம்.