கோப்ரா ரெப்ளிகாவுக்கு ஃபோர்டு 302: எஞ்சினைக் கட்டுவதும் சேசிஸில் இறக்குவதும்

1962-ல் ஏ.சி. ஏஸ் சேசிஸுக்குள் ஃபோர்டின் சின்ன வி8 போனபோது உருவானது கோப்ரா ஸ்போர்ட்ஸ் கார். முதலில் 260 கன அங்குலம், பிறகு 289. இன்றைய ரெப்ளிகாக்கள் (நகல் கார்கள்) பலவற்றில் இருப்பது அதே குடும்பத்தின் 302. இதைப் பிரித்துக் கட்டுவது பெரிய வித்தை அல்ல. பிளாக் ஒரு வருடத்தது, ஃப்ளைவீல் இன்னொரு வருடத்தது, முன்பக்க கவர் வேறொரு காரினுடையது என்று கலந்து வாங்குவதில்தான் சிக்கல். போல்ட் துளைகள் பொருந்திவிடும், பாகங்கள் பொருந்தாது. அதனால் ஸ்பேனரை எடுக்கும் முன் கீழே உள்ளவற்றைச் சரிபாருங்கள்.

எதோடு எது சேரும்

பேலன்ஸ்தான் முதலில். 1980 வரை வந்த 302-க்கு 28 அவுன்ஸ்-அங்குல வெளிப்புற பேலன்ஸ் (கிராங்குக்கு வெளியே, டாம்பரிலும் ஃப்ளைவீலிலும் வைக்கும் ஈடு எடை), அதன்பின் 50. கிராங்க், முன்னால் இருந்து அதிர்வைத் தணிக்கும் டாம்பர், பின்னால் இருக்கும் ஃப்ளைவீல் மூன்றும் ஒரே கணக்கில் இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும், ஐடிலில் ஓரளவு சமாளிக்கும். வேகம் ஏற ஏற நடுக்கம் கூடி, மெயின் பேரிங்கைத் தின்றுவிடும்.

இரண்டாவது ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்கள் எரியும் வரிசை. பழைய கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றால் 1-5-4-2-6-3-7-8. 5.0 எச்.ஓ. (302-இன் கூடுதல் சக்தி வடிவம்) கேம் என்றால் 1-3-7-2-6-5-4-8. இதைத் தீர்மானிப்பது கேம் ஷாஃப்ட். பிளாக்கில் பொறித்த எண்ணையோ மேனிஃபோல்டில் வார்த்த எண்களையோ நம்பி வயர் மாட்டாதீர்கள். கார்புரேட்டர் வழியாகத் திருப்பி வெடித்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வாட்டர் பம்ப்பும் அப்படியே. அகலமான ரிப் பெல்ட் வந்த மஸ்டாங் எஞ்சின்களில் பம்ப் எதிர்த்திசையில் சுற்றும். அந்தப் பம்ப்பை வைத்துக்கொண்டு வி-பெல்ட் மாட்டினால் தண்ணீர் சரியாக ஓடாது. ரேடியேட்டரை மாற்றி மாற்றிப் பார்த்தாலும் சூடு குறையாது. அந்த முன் கவரில் மெக்கானிக்கல் பெட்ரோல் பம்ப்புக்கு இடமும் கிடையாது. கார்புரேட்டர் போடுவதானால் 5 முதல் 7 பி.எஸ்.ஐ. தரும் மின்பம்ப் வேண்டும். இன்ஜெக்‌ஷன் பம்ப்பின் அழுத்தம் ஃப்ளோட் ஊசியைத் தள்ளித் திறந்துவிடும்.

ஃப்ளைவீலில் 157 பல், 164 பல் என்று இரண்டு வகை உண்டு. பெல் ஹவுசிங் (ஃப்ளைவீலை மூடி, கியர்பாக்ஸைப் பிளாக்கோடு இணைக்கும் கூடு), ஸ்டார்ட்டர் இரண்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். 1964 வரை வந்த பிளாக்குகளில் பெல் ஹவுசிங்குக்கு 5 போல்ட், பிறகு 6. டிஸ்ட்ரிபியூட்டர் பல்சக்கரத்தையும் கவனியுங்கள்: ஸ்டீல் ரோலர் கேமுக்கு (உருளை வைத்த டேப்பட்) ஸ்டீல் கியர், ஃப்ளாட் டேப்பட் கேமுக்கு (தட்டை அடி டேப்பட்) வார்ப்பிரும்பு கியர். மாற்றிப் போட்டால் பற்கள் சீக்கிரமே தேய்ந்து, அந்தத் தூள் ஆயிலில் கலந்து பேரிங் வரை போகும்.

கட்டும்போது

போரின் (சிலிண்டர் துளையின்) அசல் விட்டம் 101.6 மி.மீ. தேய்மானம் 0.1 மி.மீ. தாண்டியிருந்தால் ரீபோர் செய்வதே நல்லது. 0.030 அங்குல ஓவர்சைஸ் பிஸ்டன் எளிதில் கிடைக்கும். கொள்ளளவு 306 கன அங்குலம் ஆகும். பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகே போரைக் கடையக் கொடுங்கள்.

பட்டறையிலிருந்து வந்த பிளாக் சுத்தமாகத்தான் தெரியும். நம்ப வேண்டாம். சோப்பும் வெந்நீரும் விட்டு, ஆயில் வழிகளில் நீளமான பிரஷ் விட்டுத் தேயுங்கள். வெள்ளைத் துணியால் போரைத் துடைத்தால் கறை வரக்கூடாது. போரைத் தேய்த்து நயமாக்கும் ஹோனிங் கல்லின் பொடி மிச்சமிருந்தால் புது ரிங்குகளுக்கு அதுவே அரம்.

மெயின், கனெக்டிங் ராடு இரண்டிலும் பேரிங் இடைவெளி 0.05 முதல் 0.06 மி.மீ. பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தால் இடைவெளி காட்டும் பிளாஸ்டிக் இழை) போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். கிராங்கின் முன்பின் ஆட்டம் 0.10 முதல் 0.20 மி.மீ. மேல் ரிங் வாய் இடைவெளி சாலைக் காருக்கு 0.41 மி.மீ.; இரண்டாவது ரிங்குக்குச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங் முனைகள் முட்டி பிஸ்டன் விளிம்பே உடையும். கொஞ்சம் கூடினால் பெரிய நஷ்டமில்லை. ராடுகளின் ஒரு பக்கம் சரிவாகச் சீவியிருக்கும். அந்தப் பக்கம் கிராங்கின் வளைவை நோக்கியும், சீவாத பக்கங்கள் ஒன்றையொன்று பார்த்தும் இருக்க வேண்டும்.

ஆயில் தடவிய அசல் போல்ட்டுகளுக்கான முறுக்கம்: மெயின் கேப் 81–95 நியூட்டன் மீட்டர், ராடு 26–33, ஹெட் இரண்டு கட்டமாக முடிவில் 88–98, ஃப்ளைவீல் 102–115. வேறு தயாரிப்பாளரின் போல்ட் என்றால் அவர்கள் தரும் அளவே செல்லும்.

கேம் மாற்றினால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியைக் களிமண் வைத்து அளக்க வேண்டும். இன்டேக் பக்கம் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ. இன்டேக் மேனிஃபோல்டின் முன், பின் ஓரங்களுக்கு வரும் கார்க் கேஸ்கட்டை எடுத்து வைத்துவிட்டு ஆர்.டி.வி. சிலிக்கான் பசை போடுங்கள். கார்க் நழுவி ஆயில் கசியும்.

ஆயில் பம்ப்பைச் சுற்றும் அறுகோணத் தண்டில் ஒரு சிறு வளையம் இருக்கும். அது டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் இருக்க வேண்டும். இல்லையேல் பின்னாளில் டிஸ்ட்ரிபியூட்டரை எடுக்கும்போது தண்டும் கூடவே வந்து சம்ப்புக்குள் (அடியில் உள்ள ஆயில் தொட்டிக்குள்) விழும். சம்ப்பைக் கழற்றாமல் எடுக்க முடியாது.

சேசிஸில் இறக்கும் முன்

சம்ப் முன்பக்கமா, பின்பக்கமா, இரட்டையா என்பதை ஸ்டீயரிங் ரேக்கும் குறுக்குச் சட்டமும் இருக்கும் இடம்தான் முடிவு செய்யும். சம்ப் மாறினால் ஆயிலை உறிஞ்சும் பிக்அப் குழாயும் மாறும். சம்ப்பின் அடி, சேசிஸின் அடிக்குக் கீழே தொங்கக்கூடாது.

பெல் ஹவுசிங்கை மட்டும் பிளாக்கில் மாட்டி, டயல் கேஜை ஃப்ளைவீலில் நிறுத்தி, நடுத்துளையைச் சுற்றி அளவெடுங்கள். மொத்த விலகல் 0.13 மி.மீ.-க்கு மேல் போனால், அதில் பாதி அளவுக்கு மையம் விலகிய டவல் பின் (இடம் பிடிக்கும் ஊசி) போட்டுச் சரிசெய்ய வேண்டும். பலர் தாண்டிப் போகும் வேலை இது. விலகல் இருந்தால், கியர்பாக்ஸ் தண்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் கத்தும், கியர் தானாகக் கழன்று வரும். பழி கியர்பாக்ஸ் மேல் விழும். பிளாக்குக்கும் பெல் ஹவுசிங்குக்கும் நடுவே வரும் தகட்டை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் பல் சரியான ஆழத்தில் கடிக்காது.

எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்குங்கள். மொத்த எடை 200 கிலோவைத் தாண்டும். ஹாய்ஸ்டின் கையை நீட்ட நீட்ட அது தாங்கும் எடை குறையும். கார்புரேட்டரையும் டிஸ்ட்ரிபியூட்டரையும் கழற்றி வையுங்கள். பின்பக்கம் நன்றாகத் தாழ்ந்திருக்க வேண்டும், அதனால் சாய்வை மாற்றும் லெவலர் அவசியம். சில சேசிஸ்களில் ஹெடர் (எக்ஸாஸ்ட்) குழாய்களை முன்கூட்டியே தொங்கவிட்டால்தான் உண்டு. எல்லா மவுண்ட்டும் உட்காரும் வரை எந்த போல்ட்டையும் இறுக்க வேண்டாம்.

கோப்ராவின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை. சிறு விலகலும் பெரிய கோணமாகும். கார் தன் சக்கரங்களில் நிற்கும்போது அளவெடுங்கள். கியர்பாக்ஸின் வெளித்தண்டும் பின் அச்சின் பினியனும் இணையாக இருக்க வேண்டும். ஒவ்வொரு யூ-ஜாயிண்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி. பூஜ்யமும் கூடாது, ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தைத் தேய்க்கும். எஞ்சின் பக்கவாட்டில் தள்ளி வைக்கப்பட்டிருந்தால் அந்தக் கோணத்தையும் கணக்கில் சேருங்கள்.

பாடி ஃபைபர் கிளாஸ் என்பதால் மின்சாரம் திரும்பிவர வழி கிடையாது. பிளாக்கிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் கேபிள் ஒன்று. விளக்கு, டாங்கில் பெட்ரோல் அளவை உணரும் சென்டர், மீட்டர் ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் வயர். பிளாக் எர்த் விட்டுப்போனால் ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியே ஓடி அதைச் சுட்டெடுக்கும். ஏர் கிளீனர் மேல் களிமண் உருண்டை வைத்து பானெட்டை மெதுவாக மூடிப் பாருங்கள். எஞ்சின் முறுக்கும்போது எழும்பும், அதற்கும் இடம் வேண்டும்.

முதல் ஸ்டார்ட்

சுமார் 4.7 லிட்டர் ஆயில், ஃபில்டரோடு சேர்த்து. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லாமல் கால் அங்குல அறுகோணத் தண்டை ட்ரில்லில் மாட்டி எதிர்க்கடிகாரத் திசையில் சுற்றுங்கள். அழுத்தம் ஏறும்போது ட்ரில் கனக்கும். கிராங்கைக் கால் சுற்றாகத் திருப்பித் திருப்பி, எல்லா ராக்கரிலும் ஆயில் வரும் வரை தொடருங்கள்.

டைமிங் புள்ளிகள் சேர்ந்ததாலேயே முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில் இருப்பதாக எண்ண வேண்டாம். பிளக் துளையில் விரல் வைத்து, காற்று தள்ளும் சுற்றைப் பிடித்து, டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குங்கள்.

ஃப்ளாட் டேப்பட் கேம் என்றால் துத்தநாகம் நிறைந்த ஆயில் கட்டாயம். பிடித்தவுடன் 2,000–2,500 ஆர்.பி.எம். வைத்து, சற்று ஏற்றி இறக்கி 20 நிமிடம். ஐடிலில் விட்டால் டேப்பட்டுக்குத் தெறிக்கும் ஆயில் போதாமல் கேம் முகடு தேய்ந்துவிடும். இதற்காகவே கார்புரேட்டரில் பெட்ரோலை முன்கூட்டி நிரப்பிவைத்து, ஸ்டார்ட்டரை வீணாகச் சுற்றாமல் முதல் முயற்சியிலேயே பிடிக்கச் செய்ய வேண்டும். ரோலர் கேமுக்கு இந்தக் கவலை இல்லை. எந்தக் கேமானாலும் 10 நொடிக்குள் ஆயில் அழுத்தம் காட்டவில்லை என்றால் உடனே அணையுங்கள்.

ஆறியதும் ஹெடர் போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ஆயிலை இறக்கி, பழைய ஃபில்டரை அறுத்து மடிப்புகளை விரித்துப் பாருங்கள். சாம்பல் நிற மெல்லிய பூச்சு சகஜம். நகத்தில் தட்டுப்படும் துகள்கள் இருந்தால் காரை ஓட்டாமல் சம்ப்பைக் கழற்றுங்கள்.