பாதியில் நின்ற டேட்டா: எத்தனை பைட் வந்தது என்று டிரைவர் சொல்ல வேண்டாமா?

டர்பனில் லோட்ஷெடிங் (முறை வைத்து மின்வெட்டு) வந்தால், டேட்டா பாதியில் நிற்பதைப் பார்க்கத் தனியாகச் சோதனையே தேவையில்லை. லேப்டாப் பேட்டரியில் ஓடும். தனி அடாப்டரில் ஓடும், யூஎஸ்பி-யில் இணைத்த சர்க்யூட் போர்டு மட்டும் படுத்துவிடும். அப்போது உங்கள் லினக்ஸ் டிரைவர் பிழை எண்ணை மட்டும் திருப்பினால், அதுவரை ஒழுங்காக வந்த பைட்டுகளும் வீண்.

கெர்னல் மாட்யூல் கம்பைல் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் ரீட் ஃபங்ஷனின் விதி, அதாவது நிரல் டேட்டா கேட்கும்போது டிரைவரில் ஓடுவது. ஒரு பைட் கொடுத்திருந்தாலும் அந்த எண்ணிக்கையைத்தான் திருப்ப வேண்டும். பிழையை அடுத்த அழைப்பில் சொல்லிக்கொள்ளலாம். எதுவுமே வராதபோதுதான் நெகட்டிவ் எண்: சிக்னல் குறுக்கிட்டால் இ-ரீஸ்டார்ட்-சிஸ், போர்டே போய்விட்டால் இ-நோ-டெவ். பாதி கொடுத்த பிறகு இ-ரீஸ்டார்ட்-சிஸ் திருப்பினால் கெர்னல் அந்த அழைப்பை மறுபடி தொடங்கக்கூடும். முதல் பாதி சத்தமில்லாமல் தொலையும்.

அடுத்து எண்ணிக்கையை எடுப்பது. யூஆர்பி-யில் (ஒவ்வொரு யூஎஸ்பி பரிமாற்றத்துக்கும் டிரைவர் கெர்னலிடம் கொடுக்கும் கோரிக்கை) ஆக்சுவல்_லெங்த் இருக்கிறது, உண்மையில் பரிமாறிய பைட் எண்ணிக்கை அது. ஸ்டேட்டஸில் பிழை இருந்தாலும் கொஞ்சம் டேட்டா வந்திருக்கலாம், அதனால் பிழையைப் பார்த்ததும் ஓடிவிடாதீர்கள்.

பலரும் இடறுவது இங்கே: சிக்னல் வந்தாலோ நேரம் கடந்தாலோ நாமேதான் யூஆர்பி-யை நிறுத்த வேண்டும். யூஎஸ்பி_அன்லிங்க்_யூஆர்பி நிறுத்தச் சொல்லிவிட்டு உடனே திரும்பிவிடும். ஹார்டுவேர் இன்னும் பஃபரில் எழுதிக்கொண்டிருக்கலாம். அந்தக் கணத்தில் படித்த எண்ணை நம்ப முடியாது. யூஎஸ்பி_கில்_யூஆர்பி எல்லாம் முடியும்வரை காத்திருக்கும். அதன் பிறகு படியுங்கள். அது தூங்கக்கூடிய ஃபங்ஷன், கம்ப்ளீஷன் ஹேண்ட்லருக்குள் (யூஆர்பி முடிந்ததும் கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன்) அழைக்கக் கூடாது.

அப்புறம் காப்பி_டு_யூசர், வந்த டேட்டாவைக் கெர்னலிலிருந்து நிரலின் பஃபருக்கு நகலெடுப்பது. அது திருப்புவது காப்பியான அளவு அல்ல, காப்பியாகாத அளவு. 4096-க்கு 96 என்று வந்தால் நீங்கள் திருப்ப வேண்டியது 4000.

சரிபார்க்க பிரிண்ட்கே-யை (கெர்னல் லாகில் எழுதும் ஃபங்ஷன்) கொட்டாதீர்கள், நேரக்கணக்கே மாறிவிடும். யூஎஸ்பி போக்குவரத்தைப் பதிவு செய்யும் யூஎஸ்பிமான், கூடவே அதைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க். எனக்கு இது போதும்.

பின்சேர்க்கை: ரைட் (போர்டுக்கு எழுதும்) பக்கமும் இப்படித்தானா என்று கேட்டிருந்தார்கள். விதி அதேதான், ஆனால் அங்கே ஆக்சுவல்_லெங்த் என்பது போர்டு வாங்கிக்கொண்ட அளவு மட்டுமே; ஃபிளாஷில் எழுதி முடித்தது எவ்வளவு என்று அது சொல்லாது. யூஎஸ்பி ஸ்டோரேஜில் கருவி அனுப்பும் 13 பைட் பதிலில் மிச்சக் கணக்குக்கென்றே 4 பைட் ஒதுக்கியிருக்கிறார்கள். ஃபர்ம்வேர் உங்கள் கையில் இருந்தால் அதுபோல ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.