எண் ஒன்றாக இருந்தாலும் தோட்டா ஒன்றல்ல

துப்பாக்கி பற்றி எழுதுவோர் பலரும் செய்யும் முதல் தவறு, தோட்டாவையும் குண்டையும் ஒன்றாகக் கருதுவது. பித்தளை உறை, அதன் அடியில் பொறி எழுப்பும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்ததே தோட்டா. சுட்டதும் குழல் வழியே பாய்வது குண்டு மட்டும்தான். சம்பவ இடத்தில் போலீசார் பொறுக்கி எடுப்பது பெரும்பாலும் காலி உறைதான் என்றாலும், மறுநாள் செய்தியில் அது ‘குண்டு’ ஆகிவிடுகிறது.

இது சொல் பிழை. குழலின் அளவைக் குறிக்கும் எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதோ கையைப் பதம் பார்த்துவிடக்கூடியது. இந்தியாவில் உரிமம் பெற்றோர் பரவலாக வைத்திருக்கும் .32 வகையில், ரிவால்வருக்கான தோட்டா வேறு, பிஸ்டலுக்கான தோட்டா வேறு. முன்னதன் உறை ஏறத்தாழ 23 மி.மீ. நீளமும் அடியில் அகன்ற விளிம்பும் கொண்டது. பின்னதன் உறை 17 மி.மீ. மட்டுமே, விளிம்பு சற்றே வெளியே தெரியும். நீளம் குறைந்த பிஸ்டல் தோட்டாதான் அதிக அழுத்தத்தில் வெடிக்கிறது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. அது சில ரிவால்வர்களின் அறைக்குள் (தோட்டா உட்காரும் துளைக்குள்) நுழைந்தும் விடும். நுழைவதாலேயே பொருந்துகிறது என்று ஆகிவிடாது.

ராணுவத் தோட்டாக்களிலும் இதே குழப்பம் உண்டு. ஏ.கே.-47, எஸ்.எல்.ஆர்., டிராகுனோவ் ஆகிய மூன்று துப்பாக்கிகளுக்கும் 7.62 மி.மீ. என்றே சொல்கிறோம்; ஆனால் உறையின் நீளம் முறையே 39, 51, 54 மி.மீ. என்பதால் ஒன்றின் தோட்டா மற்றொன்றுக்கு உதவாது. பெயரிலுள்ள எண் சரியான அளவாக இருக்கவேண்டும் என்பதுமில்லை: .38 ஸ்பெஷல் தோட்டாவின் குண்டு உண்மையில் .357 அங்குல விட்டமே கொண்டது.

12 போர் (bore, குழல் அளவு) வேட்டைத் துப்பாக்கியில் எண் தலைகீழாக வேலை செய்கிறது. ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அவற்றில் ஒன்றின் விட்டமே அந்தக் குழலின் விட்டம், அதாவது சுமார் 18.5 மி.மீ.; ஆகவே 20 போர் அதைவிடச் சிறியது. (.410 மட்டும் விதிவிலக்கு; அது அங்குலக் கணக்கு.) 20 போர் தோட்டாவைத் தவறுதலாக 12 போர் குழலில் போட்டால், அது வெளியே விழாமல் உள்ளே சறுக்கிச் சென்று அறைக்கு அப்பால் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரிவதால் சுடுபவர் 12 போர் தோட்டா ஒன்றைப் போட்டுச் சுடுவார். குழல் கைக்கருகிலேயே வெடித்துப் பிளக்கும். 20 போர் தோட்டாவின் உறைக்கு மஞ்சள் நிறம் வழக்கமானது இதனால்தான். ஆனால் அந்த நிறத்தை மட்டும் நம்புவதும் தவறு. பழைய தோட்டாக்கள் எந்த நிறத்திலும் இருக்கலாம்.

இந்தப் போர் துப்பாக்கித் தோட்டாக்களின் உறை நீளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. பெட்டியில் அச்சிட்டிருக்கும் 70 மி.மீ. என்பது, உறையின் வாயை மூடியிருக்கும் மடிப்பு, சுட்டபின் விரிந்த நிலையின் நீளம். மடிப்போடு இருக்கும்போது அது 65 மி.மீ. அறை கொண்ட பழைய துப்பாக்கியிலும் எளிதாக நுழையும். சுடும்போதோ மடிப்பு விரிய இடமின்றி, அறை முடிந்து குழல் தொடங்கும் இடத்தை நெருக்கி, அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

ஆகவே குழலில் பொறித்திருக்கும் அளவையும் தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே தோட்டாவை உள்ளே இடவேண்டும். முத்திரை தேய்ந்து படிக்க முடியாத தோட்டாவைத் துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஒப்படைத்துவிடலாம். இரண்டு வெவ்வேறு போர் அளவுகளில் துப்பாக்கி வைத்திருப்பவர், இரண்டின் தோட்டாக்களையும் ஒரே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பவே கூடாது.