பழைய டீசல் பிக்கப்: திருட்டைத் தடுக்க நினைத்துச் செய்யும் தவறுகள்

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு லோடு ஏற்றி வரும் தம்பி ஒருவர், தாம் புதிதாக வாங்கிய பழைய பிக்கப்பில் ரகசிய சுவிட்ச் வைத்திருப்பதாகச் சொல்லி, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு எனக்குக் காட்டினார். "இதை அணைத்துவிட்டால் செல்ஃப் எடுக்காது அண்ணே, யாராலும் எடுத்துப் போக முடியாது" என்றார். பதினோரு ஆண்டுகளுக்கு முன் நானும் இன்ஜினைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரின் அதே வயரில், அதே நம்பிக்கையோடு சுவிட்ச் வைத்திருந்தேன். அந்த வண்டி திருட்டுப் போயிற்று. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் வரிசையாக அதையே செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கதவைப் பூட்ட வேண்டும், சாவியை வண்டியில் விடக் கூடாது என்பவை எல்லோரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

செல்ஃப் மோட்டாரை மட்டும் தடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பது

அப்போது என் வீட்டுத் தெரு பள்ளத்தை நோக்கி இறங்கும். காலை நான்கு மணிக்குச் சந்தைக்குக் கிளம்ப வெளியே வந்தபோது, வண்டி நின்ற இடத்தில் ஆயில் சொட்டிய கறை மட்டும் இருந்தது. முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்திருந்த கல்லைச் சுவரோரமாக ஒதுக்கி வைத்திருந்தார்கள். செல்ஃப் அடித்திருந்தால் அந்தச் சத்தத்துக்கு நான் விழித்திருப்பேன்; அவர்களுக்கோ செல்ஃப் தேவைப்படவே இல்லை. கல்லை எடுத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கி, பள்ளத்தில் உருளவிட்டு, தெருமுனையில் கியரில் போட்டு எடுத்துச் சென்றிருக்கிறார்கள். பதினேழு நாள் கழித்து, இன்ஜினும் பின்பக்கத் தொட்டியும் இல்லாத வெறும் கூடாகத்தான் அது கிடைத்தது. அதற்குப் பிறகும் பதினான்கு மாதத் தவணையைக் கட்டினேன். அந்தக் கோபம் இன்றும் தணியவில்லை.

பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். டீசல் இன்ஜினில் தீப்பொறி என்பதே கிடையாது. காற்றை இறுக்கி அழுத்தும்போது எழும் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. ஆகவே இன்ஜினின் சுழற்சியிலேயே இயங்கி டீசலைச் செலுத்தும் மெக்கானிக்கல் பம்ப் உள்ள பழைய வண்டியில், முதல் சுற்றைச் சுற்றிவிட யாராவது இருந்தால் போதும். அதைச் செல்ஃப் மோட்டாரும் செய்யலாம், சரிவும் செய்யலாம், பின்னாலிருந்து தள்ளும் நான்கு கைகளும் செய்யலாம். கணினி வைத்த புதிய டீசல் வண்டிகளிலும், சாவியில் சிப் உள்ள வண்டிகளிலும் கதை வேறு. நம்மைப் போன்றவர்கள் ஓட்டுகிற பழைய வண்டிகளில் தடுக்க வேண்டியது செல்ஃபை அல்ல, டீசலை.

அதற்கு முதலில் உங்கள் வண்டியின் இன்ஜின் எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சாவியைத் திருகினால் நின்றுவிடுகிற வண்டிகள் பலவற்றில், பம்ப்பின் மேல் சொலனாய்டு எனும் மின்சார அடைப்பான் ஒன்று இருக்கும். அதற்குப் பன்னிரண்டு வோல்ட் போகும் வரைதான் அது டீசலுக்கு வழிவிடும். ரகசிய சுவிட்ச் அந்த வயரில்தான் வர வேண்டும். சொலனாய்டின் முனை வெளியே தெரிந்தால் வேறொரு வயரை நேரடியாகக் கொடுத்துவிட முடியும் என்பதால், அதன்மேல் ஒரு தகட்டு மூடியைப் போட்டு, சாதாரண ஸ்பேனருக்கு வராத போல்ட்டால் இறுக்கச் சொல்லுங்கள். கேபிளை இழுத்து நிறுத்துகிற வண்டியாக இருந்தால் (என்னுடையது அப்படிப்பட்டதுதான்) மின்சுவிட்ச் எதுவும் பயன்படாது. டேங்கிலிருந்து வரும் டீசல் குழாயில், சேசிஸ் ஓரமாகக் கைக்கு மட்டும் எட்டுகிற இடத்தில், உலோக வால்வு ஒன்றை வைக்க வேண்டும். வால்வை மூடிய வண்டியைக் கிளப்பினால், ஃபில்டரில் மிச்சமிருக்கும் டீசல் தீர்ந்ததும் சிறிது தூரத்தில் நின்றுவிடும். பிறகு ஏர் எடுக்காமல், அதாவது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றாமல், கிளம்பாது. பிளாஸ்டிக் வால்வை மட்டும் வைக்காதீர்கள். இணைப்பில் காற்று புகுந்து, உங்களையே நடுவழியில் நிறுத்தும்.

இந்த வேலையை அரைகுறையாகச் செய்வது திருட்டை விட ஆபத்தானது. சொலனாய்டு வயர் ஓட்டத்தில் கழன்றால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும். பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும், பிரேக் பூஸ்டரின் துணை சில மிதிகளோடு தீர்ந்துவிடும். மலைப்பாதையில் லோடோடு இறங்கும்போது அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுகிற எலக்ட்ரீஷியனிடம் கொடுக்காமல், முனைகளைப் பற்றவைத்து, தகுந்த ஃபியூஸ் போட்டுத் தருபவரிடம் கொடுங்கள்.

முடித்ததும் சோதித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஆளில்லாத சமதளத்தில் சுவிட்சை அணைத்து, சாவியைத் திருகிய நிலையிலேயே விட்டு, இரண்டு பேரைத் தள்ளச் சொல்லி இரண்டாவது கியரில் கிளட்ச்சை விடுங்கள். இன்ஜின் பிடித்துக்கொண்டால் வேலை முடியவில்லை என்று பொருள். அந்தத் தம்பியின் வண்டியைச் சந்தைக்குப் பின்னால் இருக்கும் காலியிடத்தில் அப்படித்தான் தள்ளிப் பார்த்தோம். ஏழெட்டு அடியிலேயே பிடித்துக்கொண்டது. அவர் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தபோது எனக்கும் மனம் கனத்தது.

கியர் லாக்கை நியூட்ரலில் போடுவது

நியூட்ரலில் பூட்டிய வண்டியைத் தள்ளவும் முடியும், கயிறு கட்டி இழுக்கவும் முடியும். ரிவர்ஸில் பூட்டுங்கள்.

தேய்ந்த சாவியோடு காலம் தள்ளுவது

ஓடிக்கொண்டிருக்கும்போதே சாவியை உருவ முடிகிறது என்றால், அந்தப் பூட்டுக்குள் ஒன்றும் மிச்சமில்லை. தட்டையான எந்த இரும்பும் அதைத் திருப்பிவிடும். தேயாமல் இருந்தாலும், பழைய வண்டிக்கு இதுவரை எத்தனை டிரைவர்கள், எத்தனை நகல் சாவிகள் என்று விற்றவருக்கே தெரியாது. வாங்கிய வாரத்திலேயே லாக் செட்டை மாற்றி, பில்லையும் பழைய சாவிகளையும் வீட்டில் வையுங்கள். திருட்டுக்கு இழப்பீடு கேட்கும்போது காப்பீட்டு நிறுவனம் இரண்டு சாவிகளையும் கேட்கும். சாவி ஏன் புதியது என்ற கேள்விக்கு அந்தப் பில்தான் பதில்.

ஸ்டெப்னி

சங்கிலியும் நல்ல பூட்டும்.

ஜிபிஎஸ்

சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறந்தால், அது வெறும் பெட்டி.

பழைய வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடே போதும் என்பது

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்குவது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. திருட்டுக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. ஐந்து ஆண்டு கடந்த வண்டியின் மதிப்பை நிறுவனமும் நீங்களும் பேசித்தான் முடிவு செய்கிறீர்கள் என்பதால், பிரீமியம் குறையட்டும் என்று அடிமாட்டு விலைக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். படிவம் 29, 30 ஆகியவற்றில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடுபவர்கள் நம்மில் ஏராளம். பதிவை மாற்ற விண்ணப்பிப்பதோடு, காப்பீட்டையும் பதினான்கு நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கோருங்கள். வண்டி உங்களிடமும் பாலிசி பழைய உரிமையாளர் பெயரிலும் இருக்கும்போது திருட்டு நடந்தால், இழப்பீடு இருவருக்கும் கிடைக்காமல் போகலாம். மூல ஆர்.சி.யை வண்டியில் வைக்க வேண்டியதே இல்லை. டிஜிலாக்கரிலும் எம்-பரிவாகனிலும் உள்ள ஆவணம் சட்டப்படி செல்லும்.

திருட்டுப் போனால் முதலில் நாமே தேடிப் பார்ப்போம் என்று ஒரு நாளைக் கழித்துவிடாதீர்கள். உடனே முதல் தகவல் அறிக்கை பதிவாகியிருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் ஏற்பட்ட தாமதத்தை மட்டும் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. காவல் நிலையத்துக்குத் தாமதமாகப் போனவருக்கு அந்தத் துணை இல்லை.

பழைய உரிமையாளரின் ஃபாஸ்டேக்

வாங்கிய அன்றே அதை மூடச் சொல்லி, உங்கள் கைபேசி எண்ணில் புதிதாக எடுங்கள். திருடியவர்கள் அதைக் கிழிக்காமல் சுங்கச்சாவடியைக் கடந்தால், பணம் பிடித்த குறுஞ்செய்தியே வண்டி போகும் திசையைக் காட்டும். அது வரவேண்டியது உங்கள் கைபேசிக்கு.