குளிகையை நிறுத்தாதீர்கள்: மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், கருங்கல் ஊர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பெண்ணுக்கு அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. முடி நன்றாக வளர்ந்து, முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. கட்டன் சாயாவை என் கையில் தந்துவிட்டு, "அக்கா, ஆண்டவர் எனக்குப் பூரண சுகம் தந்துட்டாரு, இப்போ நான் குளிகை திங்கிறதில்லை" என்று மகிழ்ச்சியோடு சொன்னாள். மாத்திரையைத்தான் எங்கள் பக்கத்தில் குளிகை என்போம். சாயாவை என்னால் குடித்து முடிக்க முடியவில்லை. பதினொரு ஆண்டுகளுக்கு முன் என் வீட்டில் நான் சொன்ன அதே வாக்கியம் அது.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் பெண்களோடு சில ஆண்டுகளாகப் பழகி வருகிறேன். புகையிலை போடாதே, பரிசோதனைக்குத் தவறாமல் போ என்பவற்றை எல்லாரும் சொல்லிவிடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடும் பக்தியோடும் பாசத்தோடும் நாம் செய்கிற தவறுகளைப் பற்றி மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காய்ச்சலை வீட்டிலேயே ஆற்றப் பார்ப்பது

கீமோ நடக்கும் மாதங்களில் வருகிற காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. மருந்து ஏற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் ஒரு சிறு கிருமியே சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாக முடியலாம். உடல் வெப்பம் 100.4 டிகிரி பாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் ஆகிவிட்டால், இரவு இரண்டு மணியானாலும் சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, அருகில் உள்ள பெரிய மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். கீமோச் சீட்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கேட்காமல் பாரசிட்டமால் விழுங்கினால் காய்ச்சல் தணிந்ததுபோல் தோன்றும். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டே இருக்கும். மண்டைக்காட்டுக் கோயில் கொடை முடியட்டும், ஞாயிறு ஆராதனை முடியட்டும் என்று காத்திருந்தவர்களை நான் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் பார்த்திருக்கிறேன்.

சாட்சி சொல்லிவிட்டுக் குளிகையை நிறுத்துவது

இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். இன்றும் நினைத்தால் எனக்குக் கோபம் அடங்குவதில்லை.

என் கட்டி ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகையைச் சேர்ந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு எல்லாச் சிகிச்சையும் முடிந்தபின் டமாக்சிபென் என்ற குளிகையைத் தினம் ஒன்றாக ஐந்து ஆண்டுகள், சிலருக்குப் பத்து ஆண்டுகள்கூடத் தருகிறார்கள். கத்திக்கும் கதிருக்கும் தப்பி, எந்த ஸ்கேனிலும் தெரியாத அளவில் உடலில் எங்கேனும் சில செல்கள் ஒளிந்திருக்கலாம்; ஈஸ்ட்ரோஜன் அவற்றுக்குத் தீனியாகிவிடாமல் இந்தக் குளிகை வழிமறிக்கிறது. ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில், 15 ஆண்டுகளுக்குள் இந்த நோயால் இறக்கும் அபாயம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்து அறிந்த உண்மை. மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு லெட்ரோசோல் போன்ற வேறு குளிகைகளையும் தருவதுண்டு.

சிகிச்சை முடிந்து ஓராண்டு நிறைந்தபோது வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தோம். முற்றத்தில் பந்தல் போட்டு, வந்தவர்களுக்கெல்லாம் சோறும் மீன்கறியும் கொடுத்தோம். ஆண்டவர் எனக்குச் சுகம் தந்தார் என்று நான் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். ஜெபம் நடத்த வந்திருந்தவர் என் தலையில் கை வைத்து, சுகம் பெற்றுவிட்ட பின்னும் மருந்து சாப்பிடுவது தேவனைச் சந்தேகிப்பதாகும் என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று இரவு நான் குளிகை அட்டையை எடுத்தேன். பத்தில் ஆறு குழிகள் காலியாக இருந்தன. மிச்சம் நான்கோடு அதைக் காணிக்கைச் சில்லறை போட்டு வைக்கும் தகர டப்பாவின் அடியில் வைத்தேன். குளிகை தின்ற நாட்களில் திடீர் திடீரென உடல் கொதித்து வியர்த்து, இரவில் மூன்று முறை எழுந்து முகம் கழுவுவேன். நிறுத்திய சில வாரங்களில் அது குறைந்ததும், சுகம் கிடைத்ததற்கு அதுவே அடையாளம் என்று நம்பினேன்.

ஒன்பது மாதங்கள் கழிந்தன. குளிக்கும்போது அக்குளில் பழைய தழும்புக்குச் சற்று மேலே சிறுபயறு அளவில் ஏதோ உருண்டது. மறுபடியும் அறுவை, மறுபடியும் மருந்து. பத்து சென்ட் ரப்பர்த் தோட்டத்தை விற்றோம், மகளின் படிப்பு ஓராண்டு தள்ளிப்போனது. நிறுத்தியதால்தான் நோய் திரும்பியது என்று எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஒழுங்காகச் சாப்பிட்ட சிலருக்கும் திரும்புவதுண்டு. ஆனால் இருந்த காப்பை நானே என் கையால் எடுத்துப்போட்டேன் என்பது உண்மை. நான் குளிகை தின்னாததை என் கணவர் இரண்டாம் வாரமே கவனித்திருக்கிறார். ஜெபத்தை எதிர்த்துப் பேசுவதாகிவிடுமே என்று அஞ்சி வாய்திறக்காமல் இருந்துவிட்டார். ஜெபம் நடத்த வந்து அப்படிச் சொன்னவர் அதன்பின் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

நான் இன்றும் விசுவாசிதான். காலையில் ஜெபம் செய்யாமல் அடுப்பு மூட்டுவதில்லை. அதனால்தான் இதை உறுதியாகச் சொல்கிறேன். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தபோது அவருடைய ஆயுளில் பதினைந்து ஆண்டுகள் கூட்டப்பட்டதாக வேதத்தில் வாசிக்கிறோம். அதே அதிகாரத்தில், அவருடைய பிளவையின்மேல் அத்திப்பழ அடையைப் பற்றுப்போடும்படி ஏசாயா சொன்னதும் இருக்கிறது. வாக்குக் கிடைத்தபின்னும் பற்று வேண்டியிருந்தது. நம் மாவட்டத்துக்கு இது புதிய பாடமும் அல்ல. 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்துக்கு வந்த அறுவை மருத்துவர் தியோடர் சோமர்வெல், அது முடிந்து நெய்யூருக்கு வந்து, அங்கே காத்துக்கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு இங்கேயே பணியாற்றத் தீர்மானித்தார். ஜெபிக்கும் கையும் கத்தி பிடிக்கும் கையும் ஒரே கையாக இருந்ததை நம் பாட்டன்மார் நெய்யூரில் கண்டிருக்கிறார்கள்.

கோயிலுக்கு நேர்ந்துகொள்பவர்களும், தக்கலை தர்காவுக்குப் போகிறவர்களும் இதே தவறைச் செய்வதைப் பார்த்திருக்கிறேன். நேர்ச்சையைச் செலுத்துங்கள், சாட்சியையும் சொல்லுங்கள், இரவு குளிகையையும் விழுங்குங்கள். பக்கவிளைவு பொறுக்க முடியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். வேறு வழி காட்டுவார். மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு கண்டாலோ, ஒரு காலின் ஆடுதசை வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு முட்டினாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதும் மருத்துவரிடம் டமாக்சிபென் சாப்பிடுவதை மறைக்காதீர்கள். புளுவாக்சிடின், பராக்சிடின் போன்ற சில மருந்துகள் அதன் வேலையைக் குறைத்துவிடக்கூடும்.

இலைக் கஷாயம்

முள்ளுச்சீத்தா இலையும் லட்சுமி தரு இலையும் நம் பக்கத்தில் வீடு வீடாகக் கொதித்த காலம் ஒன்று உண்டு. இன்னும் முற்றிலும் ஓயவில்லை. இவை மனிதருக்குப் புற்றுநோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. முள்ளுச்சீத்தாவை வழக்கமாக உட்கொள்ளும் கரீபியன் கடலின் குவாடலூப் தீவு மக்களிடையே நடுக்குவாதம் போன்ற நரம்புக் கோளாறு அதிகமாகக் காணப்படுவதாக 1999இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பழத்தை எப்போதாவது தின்பது வேறு, இலையைக் காய்ச்சி மாதக்கணக்கில் குடிப்பது வேறு. கீமோ நடக்கும்போது கஷாயம் குடித்து ஈரல் கெட்டால் அடுத்த தவணை மருந்தே தள்ளிப்போகும்.

பத்தியம்

புண் ஆறாது என்று மீனையும் முட்டையையும் நிறுத்திவிட்டு, நோயாளிக்குக் கஞ்சியும் மரச்சீனிக் கிழங்கும் மட்டும் கொடுக்கும் வீடுகள் பல. கிழங்கில் மாவுச்சத்து உண்டு, புரதம் மிகக் குறைவு. நம் முன்னோர் அதை மீன்கறியோடு சேர்த்துத் தின்றதில் காரணம் இருக்கிறது. புண் ஆறவும் இழந்த தசை திரும்பவும் புரதம் வேண்டும். நன்றாக வேகவைத்த சாளை, அயிலை, முட்டை, சிறுபயறு எல்லாம் கொடுக்கலாம். லெந்து நாட்களில், அதாவது தவக்காலத்தில், உபவாசம் இருக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் தங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டுப்பாருங்கள். நோயாளியைப் பட்டினி கிடக்கச் சொல்லும் திருச்சபை எதையும் நான் அறியேன்.

தட்டையும் தம்ளரையும் பிரித்து வைப்பது

புற்றுநோய் தொற்றாது. வைக்காதீர்கள்.

கையை அசைக்காமல் வைத்திருப்பது

அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்கள் கை வீங்கிவிடும் என்று பயந்து அந்தக் கையைத் தொட்டில் குழந்தைபோல் வைத்திருக்கிறார்கள். இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சியை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே செய்வது நல்லது. மீன் ஆயும்போது முள் குத்தாமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். குத்தி, கை சிவந்து சூடேறினால் அன்றே காட்டுங்கள். வாரத்துக்கு 150 நிமிடம் நடப்பது உடலுக்கும் உறக்கத்துக்கும் உதவும். எங்கள் ஊரில் கால்வாய்க் கரையில் நான்கு பேராகக் காலையில் நடக்கிறோம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் மறைப்பது

வளைகுடாவில் இருக்கும் மகன் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் "சொகமா இருக்கேன் மக்களே" என்று சொல்லிச் சொல்லியே பல தாய்மார் தங்கள் வலியை யாரிடமும் சொல்லாதவர்களாகிவிடுகிறார்கள். அவனும் நம்பிவிடுகிறான். பிறகு ஒரு நாள் அவசரமாக விமானம் ஏறி வந்து, ஏன் சொல்லவில்லை என்று அழுகிறான். களைப்பு, பயம், உறக்கமின்மை எல்லாவற்றையும் வீட்டில் ஒருவருக்காவது முழுதாகத் தெரியப்படுத்துங்கள். குளிகை தின்றீர்களா என்று கேட்கும் உரிமையையும் அவருக்கே கொடுங்கள். என் வீட்டில் இப்போது என் மகள் கேட்கிறாள்.

கருங்கல் பெண்ணிடம் என் டப்பாவைப் பற்றிச் சொன்னேன். நெடுநேரம் அவள் எதுவும் பேசவில்லை. பிறகு உள்ளே போய், அலமாரியின் மேல்தட்டிலிருந்து தன் குளிகை அட்டையை எடுத்து வந்து என்னிடம் தந்தாள். ஏழு குளிகைகள் மிச்சம் இருந்தன. நிறுத்தி இரண்டு மாதம் ஆகிவிட்டதால், எப்படித் தொடர்வது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். வரும் திங்கட்கிழமை அவளோடு நானும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போகிறேன். பழைய சீட்டுகளையும் அந்த அட்டையையும் ஒரே பையில் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.