விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றும் ஒரே வீட்டில்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

எல்லாக் கணினியிலும் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் ஒன்றில் உள்ள ஃபோல்டர் இன்னொன்றில் திறக்க மறுக்கிறது. உடனே பலரும் செய்வது ஃபயர்வாலை (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல் மென்பொருளை) அணைப்பதுதான். நானும் அணைத்தேன். பலன் இல்லை, ஏனென்றால் தப்பு வேறு இடத்தில் இருந்தது.

எங்கள் வீட்டில் கீழே இணைய நிறுவனம் தந்த பெட்டி, மாடியில் நாங்கள் வாங்கி மாட்டிய ரவுட்டர். கீழே உபுண்டு என்ற லினக்ஸ் கணினி, மாடியில் விண்டோஸ் கணினி. விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு பிங் (மற்ற கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) போனது. உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போகவில்லை. இரண்டு நாள் விண்டோஸையே குடைந்தேன். அப்புறம்தான் ஐபி முகவரிகளை, அதாவது நெட்வொர்க்கில் ஒவ்வொரு கணினிக்கும் உள்ள எண்களைப், பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். கீழே 192.168.1.7, மாடியில் 192.168.0.12. மூன்றாவது எண் வேறு! இரண்டு பெட்டிகளும் தனித்தனியே முகவரி கொடுத்து, ஒரே வீட்டை இரண்டு நெட்வொர்க்காகப் பிரித்து வைத்திருந்தன. மாடி ரவுட்டருக்குப் பின்னால் இருப்பது வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. மாடி ரவுட்டரை, தானே முகவரி கொடுக்காமல் கீழ்ப் பெட்டியின் நெட்வொர்க்கையே நீட்டித் தரும் ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆகவே வேறு எதையும் தொடும் முன் முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம். கெஸ்ட் வைஃபையில் இருக்கும் கணினியையும் பெரும்பாலும் மற்றவை அணுக முடியாது.

பிங்குக்குப் பதில் வராததை வைத்து மட்டும் இணைப்பே இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் விண்டோஸ் பொதுவாகப் பதில் சொல்லாது, ஃபோல்டரையும் காட்டாது. முதலில் வீட்டு வைஃபையை 'பிரைவேட்' ஆக்குங்கள், ஃபயர்வால் அப்படியே இருக்கட்டும். அதேபோல, நெட்வொர்க் பட்டியலில் மற்ற கணினியின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. விண்டோஸ் ஃபைல் எக்ஸ்புளோரரின் முகவரிப் பட்டையில் அதன் ஐபி முகவரியை \\192.168.1.7 என்று நேரடியாக அடித்துப் பாருங்கள். பல நேரம் திறந்துவிடும்.

அடுத்தது பாஸ்வேர்டு. விண்டோஸில் தினமும் அடிக்கும் நான்கு இலக்க பின் இங்கே செல்லாது. அந்தக் கணக்கின் உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். லினக்ஸில் ஃபோல்டர்களை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருளான சாம்பா தனக்கென்று ஒரு பாஸ்வேர்டுப் பட்டியல் வைத்திருக்கிறது, லாகின் பாஸ்வேர்டு தானாக அதில் சேராது. மேக்கில் ஃபைல் ஷேரிங்கைப் போட்டால் மட்டும் போதாது. அதன் ஆப்ஷன்ஸுக்குள் போய், விண்டோஸ் பகிர்வுக்கு உங்கள் கணக்கை டிக் செய்ய வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் யாராவது 'எஸ்எம்பி 1-ஐ (ஃபைல் பகிரும் பழைய முறையை) ஆன் பண்ணு' என்று சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வானாக்ரை வைரஸ் உலகெங்கும் பரவியது அந்தப் பழைய முறையின் ஓட்டை வழியாகத்தான். அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டே அதை இயல்பாகச் சேர்ப்பதை நிறுத்திவிட்டது. பழைய ஸ்டோரேஜ் பெட்டி அதை மட்டுமே பேசும் என்றால், பெட்டியின் மென்பொருளைப் புதுப்பிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுங்கள்.

நேற்று வரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லையா? அந்த ஃபோல்டர் உள்ள கணினிக்கு ரவுட்டர் வேறு முகவரி கொடுத்திருக்கலாம். ரவுட்டர் அமைப்பில் அந்தக் கணினிக்கு ஒரே முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.